கவுட் மருந்து டிரையலில் சேரச் சொல்கிறார் டாக்டர், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பெருவிரல் (தாம்பரம்)

எல்லோருக்கும் வணக்கம். வயது 52. கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்) வந்து சில வருடம் ஆகிறது. முதலில் வலது கால் பெருவிரல், அப்புறம் கணுக்கால், போன மழைக்காலத்தில் முழங்கால் வரை ஏறிவிட்டது. மருந்தில்லாமல் பார்த்தால் யூரிக் ஆசிட் 9-க்கு மேல். அதைக் குறைக்க ஃபெபக்ஸோஸ்டாட் 40 மி.கி. மாத்திரை போடுகிறேன், 7 சொச்சத்தில் நிற்கிறது.

நான் காட்டும் மூட்டு டாக்டர் ஒரு கிளினிக்கல் டிரையல் பற்றிச் சொன்னார். புது மாத்திரை ஒன்றை ஃபெபக்ஸோஸ்டாட்டோடு ஒப்பிடுகிறார்களாம். ஒரு வருடம். மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம், போக வர ஆட்டோ காசும் உண்டு. ஆனால் இப்போது போடும் மாத்திரையை 2 வாரம் நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தமிழில் அடித்த ஒரு கத்தைத் தாளைக் கையில் கொடுத்து, "படித்துவிட்டு வாங்க, அவசரமே இல்லை" என்றார்.

மனைவி முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டார். "உங்களை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். மைத்துனர் கிட்னி போய்விடும் என்கிறார். எதை வைத்துச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது. இதில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சாம்பார்வடை

வேண்டவே வேண்டாம் சார். இலவசமாகக் கொடுக்கிறான் என்றாலே ஏதோ இருக்கிறது. பருப்பைக் குறையுங்க, தண்ணி நிறைய குடிங்க, போதும்.

குறிப்பேடு (மதுரை)

பருப்பைக் குறைத்து 9-ஐ இலக்கான 6-க்குக் கொண்டுவந்தவர் யாராவது இருந்தால் பார்க்க ஆசை. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் ஒன்று, ஒன்றரை குறையலாம், அவ்வளவுதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சில வருடங்கள் டிரையல் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். மூட்டு நோய்ப் பிரிவில்தான். பெருவிரல் சார், ஒன்றை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டிரையல் நடப்பது உங்களுக்கு வைத்தியம் பார்க்க இல்லை, ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்க. நடுவில் உங்களுக்கு நல்ல வைத்தியமும் கிடைக்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் எந்த மாத்திரை என்று உங்கள் டாக்டர் முடிவு செய்ய மாட்டார். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். இது புரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் நடுவில் "டாக்டர் எனக்குப் புது மருந்து தரேன்னாரே" என்று சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் கத்தைத் தாளில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி, வருடம், மாதம், அப்புறம் ஒரு எண் இருக்கும். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்தும் டிரையல் பதிவேட்டின் எண் அது. 2007-ல் தொடங்கினார்கள், 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். அந்தத் தளத்தில் எண்ணைப் போட்டால் பணம் போடுவது யார், எந்தெந்த ஊரில் நடக்கிறது, நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வந்ததா, எதோடு ஒப்பிடுகிறார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்று எல்லாம் வரும். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, கவுட் டிரையலுக்கே உரிய மூன்று கேள்விகள். ஃபெபக்ஸோஸ்டாட் பக்கம் விழுந்தால் எத்தனை மி.கி. வரை ஏற்றுவார்கள்? மாத்திரையை நிறுத்தும் அந்த 2 வாரமும் அதன் பிறகும் வலி வராமல் இருக்க என்ன தருவார்கள், எத்தனை மாதம்? ராத்திரி 2 மணிக்குக் கால் வீங்கினால் யாரைக் கூப்பிடுவது, என்ன மாத்திரை போட அனுமதி? மூன்றாவதற்குப் பதில் தாளிலேயே ஒரு செல்போன் எண்ணாக இருக்க வேண்டும். "ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்பது பதில் ஆகாது, அந்தக் காலை வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியாது என்று கவுட் வந்த எல்லோருக்கும் தெரியும்.

பெருவிரல்

மி.கி. ஏன் முக்கியம்? ஃபெபக்ஸோஸ்டாட் என்றால் ஃபெபக்ஸோஸ்டாட்தானே?

குறிப்பேடு

இல்லை சார், விளையாட்டே அதில்தான் இருக்கிறது. ஃபெபக்ஸோஸ்டாட்டே எப்படி வந்தது என்று பாருங்கள். 2005-ல் 762 பேரை வைத்து அமெரிக்காவில், கனடாவில் ஒரு டிரையல் முடிவு வெளியிட்டார்கள். 6-க்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியது, 80 மி.கி. ஃபெபக்ஸோஸ்டாட்டில் 53 சதவீதம் பேருக்கு, 120-ல் 62 சதவீதம் பேருக்கு, பழைய அல்லோப்யூரினாலில் வெறும் 21 சதவீதம் பேருக்கு. பார்த்தால் பழைய மருந்து படுதோல்வி. ஆனால் அல்லோப்யூரினாலை எல்லோருக்கும் 300 மி.கி.யிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள், குறையாதவர்களுக்கு ஏற்றவே இல்லை.

பிற்பாடு அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் 940 பேரை வைத்து ஒரு டிரையல் நடந்தது, 2022-ல் முடிவு வந்தது. அதில் அல்லோப்யூரினாலைப் படிப்படியாக 800 வரை ஏற்ற விட்டார்கள். இரண்டும் சமமாக வந்து நின்றன. கடைசிக் கட்டத்தில் வலி வந்தவர்கள் அல்லோப்யூரினாலில் 36.5 சதவீதம், ஃபெபக்ஸோஸ்டாட்டில் 43.5. இத்தனைக்கும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிட்னி ஓரளவு குறைந்தவர்கள்.

எதிராளியின் கையைக் கட்டிவிட்டுக் குத்துச்சண்டை போட்டால் யாரும் ஜெயிக்கலாம். உங்கள் டிரையலில் ஃபெபக்ஸோஸ்டாட்டை 40-லேயே கட்டி வைத்தால், அந்தப் பக்கம் விழும் பாதிப் பேர் ஒரு வருடம் இப்போதிருக்கும் 7 சொச்சத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். 80-க்கு ஏற்றுவார்கள் என்றால் எந்தப் பக்கம் விழுந்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

கணக்குப்பிள்ளை (ஸ்ரீரங்கம்)

ஓய்வுபெற்ற ஆடிட்டர். எண்களை மட்டும் பேசுவோம். ஃபெபக்ஸோஸ்டாட் போட்டவர்கள் இதய நோயில் அதிகம் இறந்தார்கள் என்று அமெரிக்காவில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடச் சொன்னார்கள், 2019 பிப்ரவரியில். மருந்தோ 2009-லேயே கடைக்கு வந்துவிட்டது. இடையில் 10 வருடம் ஜனங்கள் விழுங்கியிருக்கிறார்கள். கடைக்கு வந்த மருந்துக்கே இந்தக் கதி என்றால் கடைக்கே வராத மருந்தை நான் ஏன் விழுங்க வேண்டும்?

மூட்டுவைத்தியம் (கோவை)

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது உண்மை, ஆனால் பாதி. நான் மூட்டு மருத்துவர், இந்த டிரையலில் எனக்குச் சம்பந்தம் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெருவிரல் அவர்களின் கேள்விக்குப் பதிலே இதற்குள்தான் இருக்கிறது.

2009-ல் அனுமதி கொடுக்கும்போதே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு நிபந்தனை போட்டது. இதயத்துக்கு என்ன ஆகிறது என்று பெரிய டிரையல் நடத்திக் காட்ட வேண்டும். அப்படி நடந்ததுதான் கேர்ஸ். கவுட்டும் ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோயும் உள்ள 6,190 பேர். பாதிப் பேருக்கு ஃபெபக்ஸோஸ்டாட், பாதிப் பேருக்கு அல்லோப்யூரினால். 2018-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்த மொத்தக் கணக்கில் வித்தியாசம் இல்லை. இதய நோயால் இறந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 4.3 சதவீதத்துக்கு 3.2. எச்சரிக்கைக் கட்டம் வந்தது இதனால்தான்.

இப்போது யாரும் எடுத்துச் சொல்லாத எண். சேர்ந்தவர்களில் 56.6 சதவீதம் பேர் நடுவிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். 45 சதவீதம் பேர் கடைசி வரை கண்காணிப்பில் இல்லை. இறந்தவர்களிலும் பெரும்பாலோர் இறந்தது மாத்திரையை நிறுத்திய பிறகு. அப்படியென்றால் சாவுக்குக் காரணம் மருந்தா, மருந்தை நிறுத்தியதா, இரண்டும் இல்லாமல் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த இதய நோயா? விலகிப் போனவர்கள் விவரம் இல்லாமல் எப்படிச் சொல்வது? ஆடிட்டர் ஐயாவிடமே கேட்கிறேன், பாதி வவுச்சர் காணாமல் போன கம்பெனிக்குக் கையெழுத்துப் போடுவீர்களா?

ஐரோப்பாவிலும் இதே கேள்வியோடு ஃபாஸ்ட் என்று ஒன்று நடந்தது. டண்டீ பல்கலைக்கழகம் நடத்தியது. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடனில் 60 வயதைத் தாண்டிய 6,128 பேர். கண்காணிப்பிலிருந்து முழுவதுமாக விலகியவர்கள் 6 சதவீதம்கூட இல்லை. 2020-ல் முடிவு வந்தது. ஃபெபக்ஸோஸ்டாட் இதயத்துக்குக் கூடுதல் ஆபத்து என்று தெரியவில்லை, மொத்த மரணமும் அந்தப் பக்கம் கூடவில்லை. அங்கே இதய நோய் ஏற்கெனவே இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான், ஆகவே இரண்டும் அச்சு அசலாக ஒன்றல்ல. இருந்தாலும் நான் நம்புவது ஃபாஸ்ட்டைத்தான். ஆட்கள் கடைசி வரை இருந்தார்கள்.

ஒரு டிரையலைக் கெடுப்பது பெரும்பாலும் கெட்ட மருந்து இல்லை, பாதியில் காணாமல் போகும் ஆட்கள்தான். கவுட்டில் இது மற்ற நோய்களைவிட அதிகம். வலி இல்லாத நாளில் எவருக்கும் மாத்திரை ஞாபகம் வராது. முதல் சில மாதத்தில் வலி வந்தால் "இந்த மருந்தே ஆகாது" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஹாரோவாசி (லண்டன்)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இங்கே வந்து கனகாலம். ஃபாஸ்ட் பற்றிக் கதைக்கிறபடியால் எழுதுகிறேன். எனது கணவர் அதில் இருந்தவர்.

எங்கள் குடும்ப டொக்டரின் கிளினிக்கில் இருந்து கடிதம் வந்தது. அவர் அப்போதே அல்லோப்யூரினால் 100 எடுத்துக்கொண்டிருந்தார், வருடக்கணக்காக அதே 100. யாரும் கூட்டவும் இல்லை, யூரிக் அசிட் பார்க்கவும் இல்லை. டிரையலில் சேர்ந்தவுடனே முதல் வேலையாக அவர்கள் செய்தது, அந்தப் பழைய குளிசையையே அளவு கூட்டிக் கூட்டி இலக்குக்குக் கீழே கொண்டுவந்ததுதான். அதன் பிறகுதான் குலுக்கல். இவருக்கு அல்லோப்யூரினாலே விழுந்தது. போலிக் குளிசை, மூடி மறைப்பு ஒன்றும் இல்லை, எது எடுக்கிறார் என்று அவருக்கும் தெரியும், டொக்டருக்கும் தெரியும். முடிவைக் கணக்குப் பார்க்கிற குழுவுக்கு மட்டும் தெரியாது.

"புது மருந்து எனக்குக் கிடைக்கவில்லையே" என்று மனுசன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் உண்மையைச் சொன்னால், அவருக்குக் கால் நோ நின்றது அந்தப் பழைய குளிசையைச் சரியான அளவில் எடுத்ததால்தான். அதற்கு ஒரு டிரையல் வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

மூட்டுவைத்தியம்

அக்கா, உங்கள் கோபத்துக்கு ஆதாரமே இருக்கிறது. நாட்டிங்ஹாமில் 517 கவுட் நோயாளிகளைப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல் குடும்ப டாக்டர். மறு பாதிக்கு நர்சுகள் உட்கார்ந்து நோயை விளக்கி, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அளவை ஏற்றிக்கொண்டு போனார்கள். 2 வருடம் கழித்து இலக்கில் இருந்தவர்கள் நர்சுகளிடம் 95 சதவீதம், டாக்டர்களிடம் 30. 2018-ல் வெளிவந்தது. அதில் புது மருந்து என்று ஒன்றுமே இல்லை. டாக்டர் என்ற முறையில் எனக்கு அது இனிக்கும் செய்தி இல்லை.

கணக்குப்பிள்ளை

வவுச்சர் உதாரணம் எனக்குப் புரிகிற பாஷை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. நோயாளிக்கு விலகும் உரிமை உண்டு என்று சட்டமே சொல்கிறது. அவன் விலகினால் டிரையல் கெடுகிறது என்று அவன் தலையில் பழி போடலாமா? வலியில் கத்துகிறவனிடம் போய் விஞ்ஞானத்துக்காகப் பொறுத்துக்கொள் என்பீர்களா?

குறிப்பேடு

பழி போடவில்லை ஐயா. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்துவது ஒன்று, டிரையலிலிருந்தே மறைவது வேறு. எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், மாத்திரை வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் உங்கள் வழக்கமான வைத்தியத்தை யாரும் குறைக்க முடியாது. ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதம் ஒரு போன் எடுத்து "உயிரோடு இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் சேரவில்லை, வேறு மாத்திரை போடுகிறேன்" என்று சொன்னாலே அந்த ஆள் கணக்கில் இருப்பார்.

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு டைரி கொடுப்போம். தினம் மாத்திரை போட்ட நேரம், வலி வந்தால் எந்த மூட்டு, பத்துக்கு எத்தனை, வேறு என்ன போட்டார். வரும்போது காலி அட்டையையும் கொண்டுவர வேண்டும், மீதி மாத்திரையை எண்ணுவோம். சிலர் வாசலில் உட்கார்ந்து ஒரே பேனாவில் மாதம் முழுவதையும் நிரப்புவார்கள். எல்லா நாளும் காலை 8 மணி, எல்லா நாளும் வலி பூஜ்யம். அட்டையைப் பிரித்தால் பாதி மாத்திரை அப்படியே இருக்கும். ஊரில் இருக்கும் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டிருப்பார், அதைச் சொல்ல மாட்டார், திட்டுவோம் என்ற பயம். புது மருந்தால் கிட்னி எண் ஏறியதா, அந்த வலி மாத்திரையால் ஏறியதா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. பெருவிரல் சார், சேர்ந்தால் இது ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்.

பெருவிரல்

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. ஒன்று கேட்கிறேன். யூரிக் ஆசிட் குறைந்தால் வலி குறைய வேண்டும். ஆனால் முதல் சில மாதம் வலி கூடும் என்று தாளில் போட்டிருக்கிறதே?

மூட்டுவைத்தியம்

ஆமாம், அது பொய்யில்லை. ரத்தத்தில் யூரேட் சுமார் 6.8-ஐத் தாண்டும்போது மூட்டுக்குள் படிகமாகப் படிய ஆரம்பிக்கும். வருடக்கணக்காகப் படிந்து கிடப்பது, ரத்த அளவு சட்டென்று இறங்கும்போது கரைந்து உதிரும். உதிரும் படிகத்தை உடம்பின் வெள்ளணுக்கள் எதிரி என்று நினைத்துப் பாயும், மூட்டு வீங்கும். மருந்து வேலை செய்வதால்தான் அந்த வலி. எவ்வளவு வேகமாகக் குறைக்கிறோமோ அவ்வளவு அதிகம்.

அதனால்தான் குறைந்தது 3 முதல் 6 மாதம் வலியைத் தடுக்கச் சிறு அளவு கோல்சிசின் மாத்திரையும் கூடவே கொடுப்போம். 2005 டிரையலில் தடுப்பு மருந்தை 8 வாரத்தில் நிறுத்தினார்கள், நிறுத்திய கையோடு வலி எகிறியது. அதைப் பார்த்துத்தான் பிறகு வந்த டிரையல்கள் 6 மாதம் என்று நீட்டின. உங்கள் தாளில் எத்தனை மாதம் என்று பாருங்கள். 8 வாரம் என்று இருந்தால் யோசியுங்கள்.

மூலனூர்த்தோட்டம் (தாராபுரம் பக்கம்)

கோல்சிசின்னு பேச்சு வந்ததால சொல்றேனுங்க. அது எங்க தோட்டத்துல விளையுது. கண்வலிக்கிழங்கு, அதாங்க செங்காந்தள். பூ நம்ம மாநிலப் பூ, விதை ஏற்றுமதிக்கு. ஆடியில நட்டு, கொடி ஏற முள்ளுக்குச்சியும் கம்பியும் கட்டி விடுவோம். பூ விட்டதும் தினம் காலையில ஆளுக ஒவ்வொரு பூவா மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு வைக்கணும், தானா காய் பிடிக்கிறது ரொம்பக் கம்மி. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். ஆடு மாட்டைப் பக்கத்துல விடமாட்டோம். விதையைக் காயப்போட்டு வியாபாரிகிட்ட குடுத்துட்டா அதோட சரி, எந்த நாட்டுல யார் காலுக்குப் போகுதுன்னு தெரியாது. இப்பத்தான் தெரியுது.

சாம்பார்வடை

அப்போ கிழங்கையே கொஞ்சம் அரைத்துப் போடலாமா? நம் ஊர் மருந்து, செலவும் இல்லை.

மூலனூர்த்தோட்டம்

ஐயோ சாமி, வேண்டாமுங்க. தின்னா ஆள் பொழைக்கிறதே கஷ்டம்.

மூட்டுவைத்தியம்

தோட்டக்காரர் சொன்னதுதான். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி இதில் ரொம்பக் குறைவு. அந்த இடைவெளியையே ஒரு டிரையல்தான் அளந்து கொடுத்தது. என்னுடைய சீனியர்கள் காலத்தில் வலி வந்தால் கோல்சிசினைப் பேதி ஆகும் வரை மணிக்கு ஒன்றாகக் கொடுப்பது வழக்கம். அக்ரீ என்ற டிரையலில் அதைச் சோதித்தார்கள், 2010-ல் வெளியானது. 6 மணி நேரத்தில் மொத்தம் 4.8 மி.கி. ஒரு பிரிவுக்கு, ஒரு மணி நேரத்துக்குள் 1.8 மி.கி. ஒரு பிரிவுக்கு, போலி மாத்திரை ஒரு பிரிவுக்கு. ஒரு நாளில் வலி பாதியாகக் குறைந்தவர்கள் அதிக அளவில் 32.7 சதவீதம், குறைந்த அளவில் 37.8, போலியில் 15.5. பேதி? அதிக அளவில் 76.9 சதவீதம், குறைந்த அளவில் 23. அத்தனை காலம் எத்தனை பேரைத் தேவையில்லாமல் கக்கூசுக்கு ஓட விட்டோம் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த டிரையலை நடத்திய விதமும் எனக்குப் பிடிக்கும். வலி வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லவில்லை. முன்கூட்டியே 575 பேருக்கு மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். வலி தொடங்கியதும் ஒரு எண்ணுக்குப் போன் செய்து, 12 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் கணக்கில் வந்தவர்கள் 184 பேர்.

போலி மாத்திரை எதற்கு, கொடுமை இல்லையா என்று நோயாளிகள் கேட்பார்கள். கவுட் வலி எதுவும் போடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும் நோய். போலி இல்லாவிட்டால் எதைக் கொடுத்தாலும் "கேட்டது" என்றுதான் தோன்றும். எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் வினிகர் எல்லாம் ஊரில் புகழ் பெற்றது அப்படித்தான். ஆனால் தாங்க முடியவில்லை என்றால் போட்டுக்கொள்ள மாற்று வலி மருந்து அனுமதி இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

மீதிக் கதையை நான் சொல்கிறேன். அந்த டிரையலைக் காட்டி ஒரே கம்பெனி அமெரிக்காவில் தனியுரிமை வாங்கியது, மற்றவர்களின் கோல்சிசின் 2010-ல் சந்தையை விட்டு விலக்கப்பட்டது. 10 சென்ட்கூட இல்லாத மாத்திரை 5 டாலர் பக்கம் போனது. மூலனூரில் காலையில் குனிந்து பூத் தொட்டவருக்கு அதில் என்ன வந்தது? காலை நீட்டி டிரையலில் இருந்தவனுக்கு என்ன வந்தது?

இன்னொன்று லெசினுராட், யூரிக் ஆசிட்டைச் சிறுநீரில் தள்ளும் மருந்து. யூரிக் ஆசிட் அழகாக இறங்கியது. அல்லோப்யூரினாலோடு சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய டிரையலிலும் எண் இறங்கியதே தவிர வலி வரும் தடவை குறையவில்லை. 2015-ல் அனுமதி, கிட்னி பற்றிக் கறுப்புக் கட்டத்தோடு. 2019-ல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பெருவிரல் அவர்களின் மைத்துனர் கிட்னி என்று சொன்னது ஆகாயத்திலிருந்து விழவில்லை.

மூட்டுவைத்தியம்

சரியான பிடி. அதனால் புது மருந்து எந்த வகை என்று கேளுங்கள். யூரிக் ஆசிட் உற்பத்தியைக் குறைப்பதா, சிறுநீரில் அதிகம் தள்ளுவதா? இரண்டாவது என்றால் கிரியேட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள், எவ்வளவு ஏறினால் நிறுத்துவார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வகையே கெட்டது என்று இல்லை, டோடினுராட் 2020-லிருந்து ஜப்பானில் புழக்கத்தில் இருக்கிறது.

குறிப்பேடு

நஷ்டஈடு பற்றி யாரும் பேசவில்லை. 2019-ல் வந்த புது மருந்து, கிளினிக்கல் டிரையல் விதிகள்தான் இப்போது நடைமுறை. டிரையலால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச வைத்தியம், அது டிரையலால் வந்ததல்ல என்று நிரூபணம் ஆகும் வரை கொடுத்தே ஆக வேண்டும். டிரையலால் மரணமோ நிரந்தர ஊனமோ என்றால் பணம், 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து வயது, நோயின் தீவிரம் பார்த்துக் கணக்கிடுவார்கள். போலி மாத்திரை கொடுத்ததால் கிடைக்க வேண்டிய வைத்தியம் கிடைக்காமல் போனாலும் அது டிரையலால் வந்த பாதிப்பு என்றே கணக்கு. ஆஸ்பத்திரியில் சேரும்படி ஏதாவது ஆனால் 24 மணி நேரத்துக்குள் டாக்டர் டெல்லியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும், கம்பெனிக்கும், எத்திக்ஸ் கமிட்டிக்கும் சொல்ல வேண்டும்.

அந்தக் கமிட்டியில் டாக்டர் அல்லாத சாதாரண ஆள் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், ஒரு பெண் கட்டாயம் இருப்பார்கள். பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தாளின் கடைசிப் பக்கத்தில் அவர்களின் போன் எண் இருக்கும். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அங்கே கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும், விடாதீர்கள்.

நீலா (திருநெல்வேலி)

எனக்கு 61, மாதவிடாய் நின்ற பிறகு வந்த கவுட். சர்க்கரையும் உண்டு, கிட்னியும் கொஞ்சம் இறக்கம். கேட்டுப் பார்த்தேன், கிரியேட்டினினைப் பார்த்ததும் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். எங்களை மாதிரி ஆட்கள்தான் கவுட்டில் அதிகம் கஷ்டப்படுவது, எங்களை ஒதுக்கிவிட்டு யாருக்கு மருந்து கண்டுபிடிக்கிறார்கள்?

மூட்டுவைத்தியம்

நியாயமான கேள்வி அம்மா, என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. பதிவேட்டில் தேடும்போது சேர்க்காதவர் பட்டியலை முதலில் பாருங்கள், கிட்னி குறைந்தவர்களுக்கென்றே நடப்பவையும் வரும்.

பெருவிரல்

போய்க் கேட்டேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன், கேள்விகளை அவரே கேட்டார். ஃபெபக்ஸோஸ்டாட் 80 வரை ஏற்றுவார்கள். கோல்சிசின் 6 மாதம், மருந்து நிறுத்தும் 2 வாரத்திலிருந்தே தொடக்கம். போன் எண் தாளில் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்து அடித்துப் பார்த்தார், ஒரு பெண் எடுத்தார். புது மாத்திரை உற்பத்தியைக் குறைக்கும் வகை. ஒரு வருடம் முடிந்ததும் அந்த மாத்திரை தொடர்ந்து கிடைக்குமா என்றதற்கு மட்டும் டாக்டர் வெளிப்படையாக "உறுதி சொல்ல முடியாது, பழைய மருந்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்" என்றார்.

சேர்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா, மாத்திரையை நிறுத்தினாலும் போனை எடுப்பேன்.

கணக்குப்பிள்ளை

என் கருத்து மாறவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் சேருகிறீர்கள், அது வேறு விஷயம். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் நீங்களே எழுதுங்கள், அவர்கள் எழுத விடாதீர்கள்.

தஞ்சைத்தம்பி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 74. வலி என்று ஒருநாளும் இல்லை, ஹெல்த் செக்கப்பில் யூரிக் ஆசிட் 8.1 என்று வந்தது. இதயத்துக்கும் நல்லது என்று அல்லோப்யூரினால் எழுதியிருக்கிறார்கள். அவரை டிரையலில் சேர்க்க முடியுமா?

மூட்டுவைத்தியம்

தம்பி, வலியே வராதவருக்கு இருப்பது கவுட் இல்லை, ரத்தத்தில் அளவு கூடுதல், அவ்வளவுதான். கவுட் டிரையலில் எடுக்க மாட்டார்கள். இதயத்துக்கு நல்லதா என்பதையும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் கவுட் இல்லாத, இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 5,700-க்கு மேற்பட்டவர்களிடம் அல்லோப்யூரினாலைச் சோதித்தார்கள், 2022-ல் முடிவு, பலன் இல்லை. அப்பா பிரஷருக்கு என்ன மாத்திரை போடுகிறார்? நீர் பிரியும் மாத்திரை அதில் இருந்தால் யூரிக் ஆசிட் ஏறுவது அதனால்கூட இருக்கலாம். சீட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், பேர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு.